டைனோ எண் குறைந்தால் எங்கே கைவைப்பது: மாடிஃபை செய்த பைக்குகளுக்கு, புகார் வாரியாக

டைனோ என்பது வண்டியை உருளைமேல் ஏற்றி ஓட்டி, பின் சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் இயந்திரம். வாரத்துக்கு ஒருவராவது அதன் ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்பி "அண்ணே, இது கம்மியா?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேரின் வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது, எண்ணைப் படித்த விதத்தில்தான் இருக்கும். மீதிப் பேர் வண்டியில் நிஜமாகவே ஏதோ இருக்கும், ஆனால் நாற்பதாயிரம் செலவாகிற இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள், கோளாறு ஒரு கேஸ்கெட்டில் ஒளிந்திருக்கும். திரும்பத் திரும்ப ஒரே பதிலை வாய்ஸ் மெசேஜில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அடிக்கடி வரும் புகார்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாததில் தொடங்கி எழுதுகிறேன். என்னிடம் அதிகம் வருவது கேடிஎம் 390 ட்யூக்கும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-யும், உதாரணங்களும் பெரும்பாலும் அவைதான்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கேள்வி. எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) நிலையில், அதே டைனோவில் ஒரு ஓட்டம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் உங்கள் எக்ஸாஸ்ட் எத்தனை குதிரை (ஹெச்பி) கூட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது, விற்றவராலும்தான்.

"கம்பெனி 43 சொல்லுது, டைனோ 37 காட்டுது"

*எதையும் கழற்ற வேண்டாம், முதலில் கணக்கு.* பழைய 373 சிசி 390 ட்யூக்குக்கு கம்பெனி சொல்வது 9000 ஆர்பிஎம்மில் 43.5 பிஎஸ். அது கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டில், அளந்தது. டைனோ அளப்பது பின் சக்கரத்தில். நடுவில் கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், செயின் வண்டிகளில் இது 10 முதல் 15 சதவீதம் வரை போகும். 12 என்று வைத்தால் 38.3 பிஎஸ். அடுத்து, ஷீட்டில் இருப்பது பிஎஸ்ஸா பிஹெச்பியா என்று பாருங்கள், இரண்டும் குதிரைத் திறனின் அளவுகள்தான். ஒரு பிஎஸ் என்பது 0.986 பிஹெச்பி. 38.3 பிஎஸ் உள்ள வண்டி ஷீட்டில் 37.8 பிஹெச்பி என்று வரும். ஆக 37, 38 காட்டினால் உங்கள் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்.

கம்பெனி ஏமாற்றுகிறது என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று: கவசாகி 2015 நிஞ்சா எச்2-வுக்கு இரண்டு எண் கொடுத்தது, 200 பிஎஸ், ராம் ஏரோடு 210 பிஎஸ். அந்த 10 வேகமாகப் போகும்போது காற்று தானாக உள்ளே அழுந்துவதால் வருவது. நின்ற இடத்தில் உருளை சுற்றும் டைனோ அறையில் அது எப்படி வரும்? விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, டைனோவில் சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் அடிக்குறிப்பைப் படிக்காமல் விடுவதால் வரும் சண்டைதான் பாதி.

*35-க்குக் கீழே போனால்* அப்போது வண்டியைப் பார்க்கலாம், இந்த வரிசையில்:

பின் டயர் காற்று. குறைந்திருந்தால் உருளைமேல் டயர் நசுங்கி, பவரைச் சூடாக்கித் தின்னும். அடுத்து செயின். அதற்கடுத்து பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கிக் கையால் சுற்றுங்கள், பிரேக் பேடு உரசினால் கை உணரும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். அப்புறம் ஆக்சிலேட்டர் நிஜமாகவே முழுக்கத் திறக்கிறதா? ஹேண்டில் பார் மாற்றிய கேபிள் வண்டிகளில் இது சாதாரணமாக நடக்கும், கைப்பிடி முழுக்க முறுக்கியிருக்கும், த்ராட்டில் மட்டும் கொஞ்சம் மீதி வைத்திருக்கும். ஸ்கேனர் போட்டு முறுக்கிப் பார்த்தால் எத்தனை சதவீதம் திறக்கிறது என்று தெரிந்துவிடும்.

2023-ல் வந்த 399 சிசி ட்யூக் போன்ற டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியா? டைனோவில் பின் சக்கரம் சுற்றும், முன் சக்கரம் நிற்கும். வண்டி அதைச் சறுக்கல் என்று நினைத்து பவரை வெட்டும். அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

செயினைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். போன ஏப்ரலில் ஒரு தம்பி தன் 390-ஐக் கொண்டுவந்தான். எக்ஸாஸ்ட், ஃபில்டர், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல், இக்னிஷன் கணக்கான மேப்பை மாற்றி எழுதுவது), எல்லாம் புதுசு. முதல் ஓட்டம் 34.6. முகம் தொங்கிவிட்டது. ஸ்கிரீனையே பார்க்கிறான், போனை எடுக்கிறான், வைக்கிறான். ரீமேப் போட்டவரைத் திட்ட ஆரம்பித்தான். நான் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன், வீணைத் தந்தி மாதிரி நின்றது. முந்தின நாள் புது ஸ்பிராக்கெட் செட் போட்டவர் "டைட்டா இருந்தாத்தான் பிக்கப்" என்று சொல்லி முறுக்கி அனுப்பியிருக்கிறார். கையேட்டில் போட்டிருக்கும் தளர்ச்சிக்குக் கொண்டுவந்து, செயினுக்கு லூப் அடித்து, எஞ்சின் ஆறக் கால் மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டினோம். 37.9. தம்பி ரீமேப் காரருக்கு போன் போட்டு என்ன சொன்னான் என்று தெரியாது, வெளியே போய்த்தான் பேசினான்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* மேலே சொன்னதெல்லாம் சரி, இருந்தும் 35-ஐத் தாண்டவில்லை. கம்ப்ரெஷன் டெஸ்டும் வால்வ் கிளியரன்ஸும் பார்க்கச் சொல்லுங்கள். அது வீட்டு வேலை இல்லை.

"சத்தம் வந்துச்சு, இழுவை போச்சு"

எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றிய மறுநாள் வரும் புகார். காது "வேகம்" என்கிறது, வண்டி சிக்னலில் முக்குகிறது.

*சைலென்சருக்குள் இருக்கும், சத்தம் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றினீர்களா?* திரும்பப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அகலமான பைப்பும் திறந்த வாயும் சேர்ந்தால் உச்சியில் ஓரிரு குதிரை வரலாம், ஆனால் நாம் தினம் ஓட்டும் 4000-க்கும் 6000-க்கும் நடுவில் குழி விழும். பழைய ஷீட் இருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு அந்த இடத்தை மட்டும் பாருங்கள், உச்ச எண்ணை அல்ல.

*ஜாயிண்டில் கசிவு இருக்கிறதா?* பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். ஜாயிண்டைச் சுற்றிக் கருப்புப் பொடி படிந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி வரும். ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால் அதுவும் ஒரு துப்பு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவிடம் சொல்லும், இசியூ கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும், நீங்கள் ரீமேப்பைச் சந்தேகப்படுவீர்கள்.

*ஃபில்டருக்கு எண்ணெய் அதிகமா?* கழுவிப் போடும் காட்டன் ஃபில்டரில் சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டால் அது ஃபில்டர் இல்லை, அடைப்பு. சந்தேகம் இருந்தால் ஸ்டாக் ஃபில்டரை ஒரு நாள் போட்டு ஓட்டுங்கள். ஏர்பாக்ஸ் மூடியை அறுத்தவர்கள் பாவம், அவர்களால் பின்னுக்குப் போக முடியாது. எதையும் அறுக்கும் முன் யோசிக்கச் சொல்வது இதற்குத்தான்.

*இவை எல்லாம் சரி என்றால்* மேப் ஒத்துவரவில்லை. ஸ்டாக் இசியூ நிதானமாக ஓடும்போது சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், முழு த்ராட்டிலில் அந்தத் திருத்தம் கிடையாது, உள்ளே எழுதியிருப்பதைத்தான் ஊற்றும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய கணக்கிலேயே வருகிறது. அப்போது காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் உள்ள டைனோவில், உங்கள் வண்டியை வைத்தே மேப் செய்கிறவரிடம் போக வேண்டும். அதே மாடலுக்கு யாரோ செய்த ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றுவது இரண்டாம் தரம், அந்த யாரோவின் வண்டியில் எந்த ஃபில்டர் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

"ஒரே வண்டி, இரண்டு டைனோ, இரண்டு எண்"

*ஷீட்டின் மூலையைப் படியுங்கள்.* எஸ்ஏஇ என்று இருக்கும், இல்லை எஸ்டிடி என்று இருக்கும். அன்றைய வெப்பம், அழுத்தம் இவற்றைக் கழித்து ஒரு பொதுவான காற்றுக்கு எண்ணை மாற்றும் திருத்தம் அது. எஸ்டிடி குளிர்ந்த காற்றை எடுத்துக்கொள்கிறது, அதனால் ஏறக்குறைய 4 சதவீதம் தூக்கலாகக் காட்டும். ஒரு கடையில் 38, இன்னொரு கடையில் 39.5. ஒரு நட்டைக்கூடத் தொடாமல் ஒன்றரைக் குதிரை! சில கடைகள் அதிகம் காட்டும் திருத்தத்தையே நிரந்தரமாக வைத்திருப்பது ஏன் என்று கேட்காதீர்கள், வியாபாரம்.

இந்தத் திருத்தம் பேப்பருக்கு மட்டும்தான். கடல் மட்டத்தில் 38 காட்டும் வண்டியை 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு ஓட்டிப்போனால் அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் அதற்கேற்ப மூச்சு வாங்கும். "ஊட்டியில் வண்டி இழுக்க மாட்டேங்குது, என்ன கோளாறு" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

*மூலை ஒன்றாகவே இருந்தால்* எந்த கியரில் ஓட்டினார்கள், வண்டியைக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள், எஞ்சின் எத்தனை சூடு, ஷீட்டில் உள்ள கோட்டின் நடுக்கத்தை எவ்வளவு மழுப்பினார்கள் என்று கேளுங்கள். வெறும் உருளையின் எடையைச் சுழற்றி அளக்கும் டைனோவும், பிரேக் போட்டு அளக்கும் டைனோவும் ஒரே எண்ணைக் காட்டாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கட்டிக்கொள்வது நல்லது.

*எண்ணே சந்தேகமாக இருந்தால்* ஒரு பெருக்கல் போதும். கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியில் டார்க்கை (சுழற்று விசையை) நியூட்டன் மீட்டரில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுங்கள், பிஎஸ் வரும். பிஹெச்பி வேண்டுமென்றால் 7121. ஷீட்டில் 9000-ல் 42 நியூட்டன் மீட்டர் என்று இருந்து பக்கத்தில் 48 பிஎஸ் என்று இருந்தால், கணக்குப்படி 53.8 வர வேண்டும். இரண்டில் ஒன்று தப்பு. பெரும்பாலும் ஆர்பிஎம் பிக்கப் வயர் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

"ஷீட்டில் ஏறிடுச்சு, ரோட்டில் தெரியலை"

*எவ்வளவு ஏறியது?* 38-லிருந்து 40 என்றால் ரோட்டில் தெரியாது, தெரியவும் கூடாது. மேல்வேகத்தில் காற்று எதிர்ப்பை வெல்லத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. 160 போன வண்டி இரண்டு குதிரை கூடினால் 163-ஐக்கூடத் தொடாது. மல்லாக்கப் படுத்து ஓட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும், சரி, குப்புற.

*ஸ்பீடோமீட்டரை நம்பியா சொல்கிறீர்கள்?* மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்ட விதிகள் இடம் கொடுக்கின்றன, குறைத்துக் காட்டத்தான் கூடாது. அதனால் எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் தூக்கியே வைப்பார்கள். ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். ஆர்பிஎம் மீட்டரும் அப்படித்தான். 2006 யமஹா ஆர்6-க்கு 17,500 ஆர்பிஎம் சிவப்புக் கோடு என்று விளம்பரம் வந்தது, எஞ்சினின் உண்மையான சுற்று அதைவிட ஆயிரத்துக்கும் மேல் குறைவு என்று பின்னால் தெரிந்தது, யமஹாவும் ஒப்புக்கொண்டு, வேண்டாம் என்பவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது.

*ஸ்பிராக்கெட் மாற்றியிருக்கிறீர்களா?* 390-ல் முன்னால் 15 பல், பின்னால் 45. முன்னால் 14 போட்டால் ஒவ்வொரு கியரும் 7 சதவீதம் குட்டையாகும். பிக்கப் நன்றாக இருக்கும், மேல்வேகம் ரெவ் லிமிட்டில் முட்டும். இதைச் செய்துவிட்டு ரீமேப்பால் பிக்கப் வந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய.

*உச்சி ஏறி நடு இறங்கியிருக்கிறதா?* இதுதான் நான் அதிகம் பார்ப்பது. ரோட்டில் நாம் ஓட்டுவது கோட்டின் நடுப்பகுதியை, விற்பவர் காட்டுவது அதன் நுனியை. 2008 ஹயபூசா 197 பிஎஸ், 2021-ல் வந்தது 190 பிஎஸ். ஏழு குறைந்துவிட்டது என்று டீக்கடையில் துக்கம் கொண்டாடினார்கள், சுசுகி சொன்னதோ கீழ், நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடியிருக்கிறது என்று. ஆக உங்கள் ட்யூனரிடம் கேட்க வேண்டியது "உச்சம் எவ்வளவு" என்பதைவிட "5000-ல் எவ்வளவு" என்பது.

இந்தப் புகாருக்கு மெக்கானிக் தேவைப்படாது, மேப்பை மறுபடி நடுவுக்குச் செய்யச் சொல்வதோடு சரி.

"ரெவ் ஏறுது, வேகம் ஏறலை"

இது வேறு ஜாதிக் கோளாறு, கிளட்ச். பவர் கூட்டியதும் அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த கிளட்ச் கைவிரிக்கும். காலியான நேர் ரோட்டில் ஐந்தாவது கியரில் 5000-லிருந்து முழுக்க முறுக்குங்கள். டார்க் உச்சத்துக்கு வரும் இடத்தில் முள் மட்டும் தாவி, வண்டி அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். டைனோவில் இன்னும் சுலபம்: ஒரே கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் ஓட்டம் முழுக்க மாறக்கூடாது.

லீவரில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேபிளைத் தளர்த்துங்கள், முடிந்தது. இருக்கிறது என்றால் என்ன ஆயில் ஊற்றினீர்கள்? கார் ஆயிலில் வழுக்கலுக்கான சேர்மானம் இருக்கும், ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஆகாது, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். ஆயிலும் சரி என்றால் பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும், கையில் வேலை தெரிந்தவர் செய்யலாம். ஹப்பில் பள்ளம் விழுந்திருந்தால் கடைக்குக் கொடுங்கள்.

"முதல் ஓட்டம் சூப்பர், மூணாவது ஓட்டத்தில் விழுந்துடுச்சு"

ஓட்டத்துக்கு ஓட்டம் அரைக் குதிரை, ஒரு குதிரை விழுவது சாதாரணம். டைனோ அறையின் காற்றாடி ரோட்டில் அடிக்கும் காற்றுக்கு ஈடாகாது, அதுவும் நம்ம ஊர் மே மாதத்தில். இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் அதே கூலன்ட் சூட்டில் ஆரம்பியுங்கள். சூடு காட்டும் எண் ஏறிக்கொண்டே போய் இறங்காவிட்டால் கூலன்ட் அளவு, ரேடியேட்டரில் அடைந்த மண், ஃபேன் ஓடுகிறதா, இந்த மூன்றும்.

*மூன்று, நான்கு குதிரை விழுகிறது, முழுக்க முறுக்கும்போது "கிளிங் கிளிங்" என்று சில்லறை குலுக்கும் சத்தமும் கேட்கிறது என்றால்* நிறுத்துங்கள். இன்னொரு ஓட்டம் எடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்ற ஆசை வேண்டாம், பிஸ்டனில் ஓட்டை விழுந்துதான் அது உறுதியாகும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, பெட்ரோலைப் பற்றி யோசிப்பது. மேப் செய்த அன்று டேங்கில் இருந்தது எது, இன்று இருப்பது எது? 95, 100 ஆக்டேன் போட்டு இக்னிஷனை முன்னால் தள்ளிய மேப்பில் பம்பில் கிடைத்த சாதாரணத்தை ஊற்றி ஓட்டினால் தட்டத்தான் செய்யும், அந்தச் சில்லறைச் சத்தம் அதுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு தலைவலி. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு, இ20-க்கு அது சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும். முன்பு சொன்ன மாதிரி முழு த்ராட்டிலில் வண்டி தானாகத் திருத்திக்கொள்ளாது, ஐந்து வருஷத்துக்கு முந்திய மேப் இன்று வறட்சியாக எரியும். இசியூவின் கணக்கை இடையில் புகுந்து மாற்றும் பிக்கிபேக் பாக்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றி ஸ்டாக் மேப்புக்குத் திரும்பி, சத்தம் போகிறதா பாருங்கள்.

மற்றது எல்லாம் ட்யூனர் வேலை. அவரிடம் லாம்டா கோட்டைக் கேளுங்கள், 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிக்குச் சரி, குறைந்தால் பெட்ரோல் அதிகம். முழு த்ராட்டிலில் 0.87-லிருந்து 0.90-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.95, 0.98 என்று போனால், பம்ப் பிரஷர், இன்ஜெக்டர், அப்புறம் மேப் என்று அவர் வரிசையாகப் போவார். "பரவாயில்லை, ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்று சொன்னால் வேறு ட்யூனர்.

"வாங்கப்போற செகண்ட் ஹேண்ட் வண்டி, 65 ஹெச்பியாம்"

கடைசியாகச் சேர்ப்பது, ஏனென்றால் இதில் போவது பெரிய பணம். பழைய யமஹா ஆர்டி350 காலத்திலிருந்தே இருக்கிற கதை. இங்கே ராஜ்தூத் 350 என்று வந்ததில் ஹை டார்க் 30.5, லோ டார்க் 27 பிஹெச்பி, ஜப்பானில் அதே பெயர் வண்டி 39. விற்கிற ஒவ்வொருவரும் தன்னுடையது "ஜப்பான் ஸ்பெக்" என்றுதான் சொல்வார்.

முதலில் ஆர்சி. போர் பெரிதாக்கி சிசி கூடியிருந்தால் ஆர்சியில் இருப்பதும் எஞ்சினில் இருப்பதும் வேறு வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் அதன்மீது 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கம்பெனி வடிவத்தை மாற்றுவதற்கு எதிராகவே இருக்கின்றன, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அங்கேதான்.

அப்புறம் ஷீட். வண்டி எண், தேதி, கியர், திருத்தம் நான்கும் இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன டார்க், ஆர்பிஎம் பெருக்கலைப் போடுங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் எஞ்சினை 865 சிசி ஆக்கும் கிட் போட்ட இன்டர்செப்டர் பார்க்கப் போனார், ஸ்டாக்கில் அது கிராங்கில் 47 பிஹெச்பி வண்டி. லேமினேட் செய்த ஷீட்டைக் கொடுத்தார்கள்: அதிகபட்ச டார்க் 54 நியூட்டன் மீட்டர், பவர் 7000-ல் 65 பிஹெச்பி. 7000-ல் 65 வர வேண்டுமென்றால் அங்கே டார்க் 66 இருக்க வேண்டும். அதிகபட்சமே 54 என்று அதே தாளில் அச்சடித்திருக்கிறது. நண்பர் போனில் கணக்கைப் போட்டுக் காட்டி, "சரி, நாளைக்கு என் செலவில் டைனோவில் ஏத்திப் பாப்போமா" என்று கேட்டார். வண்டிக்காரர் யோசித்துவிட்டு, பேட்டரி கொஞ்சம் வீக்காக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். இது தீபாவளிக்கு முன்னால் நடந்தது.